யாரும் பதில் சொல்லாத கதை

லபோரி என்னும் தீவுக் கிராமத்தின் கடற்கரையில் இலக்கியத் திருவிழாவுக்குப் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால், அந்த ஊரில் கதை எழுதும் வெர்னெட், லண்டன் எழுத்தாளன் ரூபர்ட் ஹேல்டனை மடக்கினாள்.

"அந்தப் பக்கத்தை இன்னைக்கு வாசிக்காதீங்க. எங்கம்மா முதல் வரிசையில உட்கார்ந்திருக்காங்க."

"நாவலோட உயிரே அதுதான். லண்டன்ல அழுதாங்க, தெரியுமா?"

போன திருவிழாவுக்கு வந்த இந்த மனுஷன் அவள் வீட்டில் பச்சை வாழைக்காயும் உப்பு மீனும் வளைத்து வளைத்துத் தின்றான். கடலில் உயிர்விட்ட அவள் தம்பி ஆல்வினைப் பற்றி நைசாகக் கேட்டான். கவிழ்ந்த படகிலிருந்து இருவரைக் கரைசேர்த்துவிட்டு, மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போனவன் ஆல்வின். நாவலில் அவன் கஞ்சா கடத்துகிறான், குடித்துவிட்டு மூழ்குகிறான். பாவி, பெயரைக்கூட மாற்றவில்லை. இதை அம்மாவின் காதுக்கு எட்டாமல் வைத்திருந்தாள் வெர்னெட்.

"கற்பனைதானே, விடு. என் பதிப்பாளர் உன் கதைகளைக் கேட்கத்தான் வந்திருக்கார். மேடையில மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா உனக்குத்தான் நஷ்டம்."

அவள் கதைகளை இதுவரை எவரும் புத்தகமாகப் போடவில்லை.

இருவரும் மேடையேறியதும் ரூபர்ட்டுக்கு ஊர்க்காரன் வேஷம் கட்ட ஆசை வந்துவிட்டது. "டிம் டிம்?" என்று கூவினான்.

இந்த ஊரில் கதை சொல்பவர் இப்படிக் கேட்டால் கூட்டம் "ப்வா ஷெஷ்!" என்று திருப்பிக் கத்த வேண்டும். அதற்கப்புறம்தான் கதைக்கு வாய் திறக்கலாம். ஒரு குரலும் எழவில்லை. மறுபடி கூவினான். பின்வரிசையில் யாரோ இளக்காரமாகப் பல்லிடுக்கில் 'ச்ச்ச்' என்று உறிஞ்சினார்கள்.

"நீயாவது சொல்லு," என்று பக்கத்திலிருந்த வெர்னெட்டிடம் கிசுகிசுத்தான். "பதிப்பாளர் பார்க்கிறார்."

புத்தகமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வெர்னெட் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வாசித்தான். "அன்றைக்கும் ஆல்வின் குடித்திருந்தான்..."

வெர்னெட் பதறிப்போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மா செலெஸ்டின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நிறுத்துப்பா. பதில் வராம கதை சொல்றியே, வெக்கமா இல்ல? என் கையால தின்னுட்டு என் புள்ளையவே குடிகாரன்ங்கிற."

"அம்மா, உனக்கு எப்படி..."

"புத்தகம் வந்தப்பவே படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன்டி. இவனுக்கு எவரும் பதில் சொல்லக் கூடாதுன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னதே நான்தான். உன் பொழப்பு கெட்டுடுமேன்னுதான் உன்கிட்ட மட்டும் சொல்லல."