பாதைக்கு விட்ட வாட்டம்

குளித்துவிட்டு வந்த சற்று நேரத்தில் உங்கள் வீட்டுக் குளியலறைத் தரை காய்ந்துவிடுகிறதா? அப்படியானால் யாரோ ஒருவர் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார். பார்வைக்குத் தரை மட்டமாகத்தான் தெரியும். ஆனால் டைல்ஸ் ஒட்டும்போதே தண்ணீர் போகும் துளையைப் பார்த்துத் துளி இறக்கம் கொடுத்திருப்பார்கள். வேலை தெரிந்தவர்கள் அதை வாட்டம் என்பார்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் யாரையும் கேட்காமல் தன் வழியில் போய்விடும். இல்லாவிட்டால் மூலைக்கு மூலை தேங்கும். வீட்டுக்காரர்கள் துடைப்பமும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கதையில் வரும் அத்தான் வாட்டம் விடுவதில் பெயர் எடுத்தவர். அந்தப் புறநகரில் பாதி வீட்டுக் குளியலறைகள் அவர் கைவேலை. தரை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குந்தி உட்காருவார். அது துளைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். அப்படிப்பட்டவருக்குக் கண் நரம்பில் ஒரு நோய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, பார்வை முழுவதும் போய்விட்டது.

அவரை அத்தான் என்று கூப்பிடுகிறவர் அவர் மனைவியின் தம்பி. நகரப் பேருந்து ஓட்டுகிறார். அக்கா அழைப்பதுபோலவே நாமும் தம்பி என்றே வைத்துக்கொள்வோம். வேலை தேடி வந்த காலத்தில் தம்பிக்கு அக்கா வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. அத்தான்தான் தன் சாமான் வேனைக் கொடுத்து ஓட்டப் பழக்கினார். முதல் வாரமே தம்பி அதைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்தபோது, இறங்கிப் பார்த்துவிட்டு, "சுவரு குறுக்க வந்துடுச்சு போல, மாப்ள" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே தம்பி ஆயுசுக்கும் நன்றிக்கடன் பட்டிருந்தார். அத்தானுக்குப் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டே இருக்கும்.

அவர்கள் தெரு முடியும் இடத்தில் குன்றுகள் தொடங்குகின்றன. பேருந்தும் கடைகளும் இருக்கும் ஊரின் முதுகிலேயே, ஒரு கதவைத் திறந்தால், புல்லும் மரமுமாக மலைப் பூங்கா. உச்சிக்குப் போகும் பாதைகள் பல உண்டு. அடிவாரத்திலேயே, நடுவில் உட்கார ஒரு பெஞ்சோடு, ஒரு சிறிய சுற்றுப்பாதையும் உண்டு. பார்வை போன பிறகு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அத்தான், முதலில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுற்றுப்பாதையில் நடந்தார். பிறகு அக்கா நாலடி பின்னால் வந்தாள். ஒருநாள், "நீ வீட்டுலயே இரு, நான் போயிட்டு வரேன்" என்று தடியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அதுதான். சட்டைக்கு நிறம் பார்க்கவும் மாத்திரை எடுக்கவும் பிறர் கை வேண்டியிருந்த மனிதருக்கு, அந்த ஒரு நடைக்கு மட்டும் யார் கையும் வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பாள் அக்கா.

எப்படி வழி கண்டுபிடிக்கிறார் என்று தம்பி கேட்டதில்லை. தடிதான் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்.

பூங்காவின் பாதைகளைப் பராமரிக்க அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலையில் மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கிளம்புவார்கள். தலைவி ஒரு நர்ஸம்மா. பல் டாக்டர் கல் தூக்குவார், பேக்கரிக்காரர் தின்பண்டத்தோடு வருவார். தம்பியும் அதில் ஒருவர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நர்ஸம்மா சொல்லும் முதல் பாடம் இது: மலைப்பாதையைக் கெடுப்பது மனிதன் கால் இல்லை, தண்ணீர். மழைநீர் மேட்டிலிருந்து இறங்கி வருகிறது. அது பாதையைக் குறுக்கே தாண்டிப் பள்ளத்துக்குப் போய்விட்டால் ஒரு கெடுதலும் இல்லை. பாதையிலேயே தங்கி, பாதையோடு ஓட ஆரம்பித்தால் வேகம் பிடித்து நடுவே வாய்க்கால் பறித்துவிடும். அதனால் பாதை எப்போதும் பள்ளத்துப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அந்த ஓரத்தில் வரப்பு எழும்ப விடக் கூடாது.

ஒரு நாள் அத்தான் முட்டி சிராய்த்து வீடு வந்தார். அக்கா போனில் சொன்னதும், பாதையில்தான் விழுந்திருப்பார் என்று தம்பி முடிவுகட்டிவிட்டார். அடுத்த வாரம் அக்காவும் அத்தானும் மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்குவதாக இருந்தது. அவர்கள் திரும்புவதற்குள் பாதையைச் சீராக்கிவிடலாம் என்று தம்பி குழுவிடம் கேட்டார். அத்தான் போட்ட தரையில் குளிக்காதவர் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? எல்லாரும் ஓடி வந்தார்கள். நர்ஸம்மா மட்டும் சாய்வு என்ன ஆவது என்று இழுத்தார். பல் டாக்டர் விடவில்லை.

"கண்ணு தெரியாத மனுஷன் பள்ளத்தப் பாத்துச் சாஞ்ச பாதையில நடக்கலாமா? நமக்கு மனசு எப்படிங்க வரும்?"

நர்ஸம்மாவுக்கும் மனசு வரவில்லை. தங்கள் சட்டத்தைத் தெரிந்தே மீறினார்கள். மண் சுமந்து கொட்டிப் பாதையை மேஜை போல மட்டமாக்கினார்கள். பள்ளத்து ஓரத்தில் கணுக்கால் உயரத்துக்கு வரப்பு கட்டினார்கள். குறுக்கே ஓடிய வேர்களைச் சரளை போட்டு மூடினார்கள். வளைவுகளில் கிடந்த பெரிய கற்களை, தடுக்குமே என்று, உருட்டிக் கீழே தள்ளினார்கள்.

ஊரிலிருந்து வந்த அத்தானிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தம்பியின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார். மறுநாள் காலை கிளம்பிப் போனார். வெகு நேரம் கழித்து, வேறு யாரோ கை பிடித்துக் கூட்டிவர, வீடு வந்தார். அதற்கு மறுநாள் முட்டி வலி என்றார். அடுத்த வாரமும் முட்டி வலிதான். மாதமாகியும் தடி கதவு மூலையை விட்டு நகரவில்லை.

"முட்டி வலிக்காரர் ஈரத்துணி பக்கெட்டத் தூக்கிட்டு மாடிக்குப் பறக்கறாருடா" என்றாள் அக்கா. "என்னவோ மறைக்கிறாரு. உன்கிட்டயாவது சொல்றாரா பாரு."

அந்த வாரம் ஒரு நல்ல மழை பெய்தது. தம்பி போய்ப் பார்த்தார். சுற்றுப்பாதையின் நடுவே பாம்பு போன தடம் மாதிரி வாய்க்கால். வரப்பு தண்ணீரை வெளியே விடவில்லை. மட்டமான தரை அதற்கு எந்தப் பக்கம் போவது என்று சொல்லவில்லை. கொட்டிய சரளையெல்லாம் பூங்காக் கதவருகே குவிந்து கிடந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு அத்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். அத்தான் முட்டி வலியை மறந்து எழுந்தார். "வா, போய்ப் பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றுதான் இன்னும் சொல்வார்.

தம்பி கை கொடுத்தார். முதல் வளைவு தாண்டியதும் அத்தான் நின்றார். தடி அங்கும் இங்கும் துழாவியது; இரண்டு பக்கமும் மண்மேடுதான் தட்டுப்பட்டது. செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் மண்ணைத் தடவினார்.

"மாப்ள, பள்ளம் எந்தப் பக்கம்?"

இத்தனை நாளில் அவர் யாரிடமும் கேட்டிராத கேள்வி அது. பேருந்தில் எத்தனையோ வளைவுகளை உடம்பாலேயே உணர்ந்து திருப்பிய தம்பிக்குச் சட்டென்று விளங்கியது. பாதையின் சாய்வுதான் அவருடைய கண். ஏறும்போது வலது கால் தாழ்ந்தால் முதல் நீட்டம். இடது கால் தாழ்ந்தால் வளைவு தாண்டியாயிற்று. தடி பெரிய கல்லில் பட்டால் திரும்ப வேண்டும். காலில் வேர் தட்டினால் பெஞ்சு பக்கத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் அன்பாக வழித்துத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

"ஏன் அத்தான் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? எனக்காக டாக்டரு மண்ணு சுமந்திருக்காரு. அந்தம்மா டியூட்டி முடிஞ்சு தூங்காம வந்திருக்காங்க. நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

"நீங்க விழுந்தீங்களேன்னுதான்…"

"அது நம்ம வீட்டு வாசல்ல, மாப்ள. எதிர்வீட்டு நாய் மேல தடுக்கினேன். அது இன்னும் என்கூடப் பேசறதில்ல."

தம்பிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

சனிக்கிழமை குழுவிடம் சொல்லும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டார். ஆனால் அத்தான் தானும் வருவேன் என்றார். கதவருகே எல்லாரும் கூடியதும், ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறதா என்று விரலால் பார்த்தார். இருந்தது. வேலை போன பிறகு ஊர் தன்னை மறந்திருக்கும் என்று தான் நினைத்ததாகவும், இந்தக் கைகளை நினைத்து மாதம் முழுக்கத் தனக்குத் தூக்கம் நிம்மதியாக வந்ததாகவும் சொன்னார். அதன் பிறகுதான், கூச்சத்தோடு, சாய்வைப் பற்றிச் சொன்னார்.

நர்ஸம்மாதான் முதலில் மண்வெட்டியை எடுத்தார். "வரப்ப உடைங்க. நான் அன்னிக்கே கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றார்.

அன்று முழுக்க வேலை. வெட்டிய இடத்தில் அத்தான் வெறுங்காலோடு நின்று பார்த்துச் சொல்வார்: இங்கே இன்னும் கொஞ்சம், இங்கே போதும். போதும் என்ற இடத்தில் தம்பி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் குந்தி உட்காருவார்கள். தண்ணீர் சற்றுத் தயங்கி, பாதையைக் குறுக்கே கடந்து, புல்லுக்குள் இறங்கி மறையும். கல்லை உருட்டித் தள்ளிய பல் டாக்டரே அதைக் கட்டிப்பிடித்து மேலே ஏற்றினார். அது எந்த இடத்தில் இருந்தது என்பதில் இரண்டு அபிப்பிராயம் வந்தது. அத்தான் நின்று, காற்று முகத்தில் மாறும் இடம் வரை போய், தடியால் ஓர் இடத்தைத் தட்டினார். அங்கே வைத்தார்கள்.

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் பூங்காக் கதவருகே நின்றார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லியும்தான். எதிர்வீட்டு நாயும் வந்து உட்கார்ந்திருந்தது. இரவு பெய்த மழையில் புல் மினுங்கியது. பாதை மட்டும் காயத் தொடங்கியிருந்தது. மேலே மரங்களுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். தடி கல்லில் பட்ட சத்தம். அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அத்தான் வளைவில் தெரிந்தார். கையில் செருப்பு. கால் முழுக்க ஈர மண். யாரும் பிடிக்காத நடை.

அருகில் வந்ததும் நின்றார். "ரெண்டு பேரும் இங்கதான் நிக்கறீங்கன்னு தெரியும்" என்றார். "மாப்ள, ஒரு குறை இருக்கு."

"என்ன குறை, அத்தான்?" என்று தம்பி ஓரடி முன்னால் வந்தார்.

"பெஞ்சுகிட்ட தண்ணி நிக்குது. ஒரு கை அளவு. குவளையை எடுத்துக்கிட்டு நாளைக்கு என்கூட வா."