கோணல் கத்திகள்

"எல்லாரும் ஒதுங்குற அந்த ரப்பர் வட்டு முன்னாடி நீ மட்டும் ஏம்ப்பா போய் விழுற?" என்று மகள் ஃப்ராஞ்சி ஒருமுறை கேட்டாள்.

"பின்னாடி கோல்கீப்பர் நிக்கிறாரேம்மா" என்றான் கோர்பினியன்.

அப்படி விழுந்தே பதினான்கு வருடத்தில் இடது முழங்கால் போயிற்று. இன்று மதியம் ஐஸ் ஹாக்கி கிளப், அடுத்த சீசனுக்கு அவன் வேண்டாம் என்றுவிட்டது. வேறெந்த கிளப்பும் கூப்பிடப் போவதில்லை.

அலமாரியைக் காலி செய்தபோது, சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வென்டலின் பீர் கொடுத்தார். "இத்தனை வருஷத்துல நீ தடுக்காம உள்ள விட்டது இது ஒண்ணுதான்டா."

நொண்டல் தெரியாதபடி இரண்டு வருடமாக அவனது இடது ஸ்கேட் காலணியின் அடிக்கத்தியைத் தனிப் பக்குவமாகத் தீட்டித் தந்தவர் அவர். பயிற்சியாளரிடம் மூச்சுவிடவில்லை.

கிழவர் வீட்டுக்குப் போன பிறகுதான், நாளை ஆடவிருக்கும் ஜூனியர்களின் ஸ்கேட்டுகளைக் கோர்பினியன் கவனித்தான். கத்திகள் எல்லாம் கோணல். அவருடைய கை நடுங்குகிறது. தெரிந்தால் அவரையும் அனுப்பிவிடுவார்கள்.

கதவைச் சாத்திவிட்டுச் சாணைச் சக்கரத்தைப் போட்டான். பக்கத்தில் நின்று பார்த்த பழக்கம் கைகொடுத்தது. பதினெட்டு ஜோடியையும் திருத்தி, இருந்தபடியே மாட்டினான்.

எப்படியும் ஒருநாள் தெரிந்துவிடும். நாளைக்கு வேண்டாம் கடவுளே என்று சிலுவை போட்டுக்கொண்டு, நொண்டியபடி வெளியேறினான்.