விழுந்தால் ஆட்டம் முடிந்தது

மஞ்சள் சட்டைக்காரன் வளைவில் சறுக்கி விழுந்தான். வண்டி தனியாக இழுபட்டுப் புல்லில் போய்க் கிடந்தது. ஆள் ரோட்டோடு உருண்டான். பிரபா மடியிலிருந்த அரிசி முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரை ஒரு தரம் கறுத்து வெளுத்தது. அவ்வளவுதான், மஞ்சள் சட்டைக்காரன் பழையபடி வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். சட்டையில் பொட்டு அழுக்கில்லை.

எப்படி எழுந்தான் என்று கேட்டாள்.

"பெனால்ட்டிய ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன் அண்ணி," என்றான் பழனிச்சாமி, திரும்பாமலே. "விழுந்தா ஒண்ணும் போகாது. டிஃபிகல்ட்டியும் ஈஸிதான். சும்மா ஜாலிக்கு."

பழனிச்சாமி அவள் கணவன் சந்திரனின் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. கடையில் கழித்துப்போட்ட பாகங்களைக் கொண்டுவந்து, நீலசந்திரா பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து நிறுத்தியிருந்தான். சந்திரன் இறந்துபோனபிறகு சாயங்காலங்களில் அந்த வீட்டில் பாத்திரம் வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. ஏதோ ஒரு சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாமியார் ரத்தினம்மாளே சொல்லிவிட்டாள். அது என்ன சத்தம் என்று பிரபாவுக்கு மட்டும்தான் தெரியும்.

சந்திரன் வண்டியோடு விழுந்த சத்தத்தை அவள் கேட்கவில்லை. சந்தாபுராவுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு, லாரியிலிருந்து சிந்திய மணல். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்து இவள் போய்ச் சேர்ந்தபோது கழுத்துவரை துணி மூடியிருந்தது. தார் ரோட்டில் இரும்பு தேய்ந்தால் எப்படிக் கேட்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. தினமும் குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது அது முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றாள். யாரும் பார்க்கவில்லை.

சந்திரனின் வண்டி நடையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஒரு கண்ணாடியும் இண்டிகேட்டரும்தான் உடைந்திருந்தன. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம்தான் என்று மெக்கானிக் புதிது மாட்டிக்கொண்டுவந்து விட்டபோது சொன்னான். அந்தச் சொல்லை அவளால் செரிக்க முடியவில்லை. போகிறபோதும் வருகிறபோதும் பழனிச்சாமி தார்ப்பாயைத் தூக்கி டயரை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தான். ஒருநாள் நடை இருட்டில் அதன்மேல் உட்கார்ந்து, விளையாட்டில் சாய்வதைப்போலவே இடமும் வலமும் சாய்ந்துகொண்டிருந்தான். அன்று சோறு சாப்பிடும்போது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவது கஷ்டமாக இருக்கிறது என்றான். ரத்தினம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் பாதி சம்மதம்.

 போகாதே என்று பிரபா எப்படிச் சொல்வாள்? புறப்படுகிறவனைப் பார்த்து அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தால், பிறகு ஏதாவது ஆகிவிட்டால், அந்தச் சொல்லால்தான் ஆனது என்பார்கள். ஊர் சொல்வது இருக்கட்டும், அவளே அப்படித்தான் நினைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முடிவெட்டப் போயிருந்தான். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். பிரபா கம்ப்யூட்டரைப் போட்டாள். அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து வழி தெரிந்திருந்தது. டிஃபிகல்ட்டியைக் கடைசிக்குத் தள்ளினாள். பெனால்ட்டியில் நேரம் குறைவது, வண்டி கெடுவது எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று இருந்தது. அதை வைத்தாள். திருடுகிறவளைப்போல வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். விழட்டும், விழுந்து விழுந்து பயம் அவன் உடம்புக்குள் போகட்டும். தன்னால் சொல்ல முடியாததை அந்தப் பெட்டி சொல்லட்டும்.

அன்று சாயங்காலம் முதல் வளைவிலேயே விழுந்தான். திரை அப்படியே நின்றது. மஞ்சள் சட்டைக்காரன் எழவில்லை. பழனிச்சாமி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மாற்றிவிடுவான் என்று அடுப்படியிலிருந்து காத்திருந்தாள். அவன் மாற்றவில்லை. முதலிலிருந்து தொடங்கினான், விழுந்தான், மறுபடி தொடங்கினான். அந்த வாரம் முழுக்க இரும்பு தேயும் சத்தமும் அதற்குப்பின் ஒரு மௌனமும். மௌனம் சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

பிறகு எப்போது சத்தம் குறைந்தது என்று அவள் கவனிக்கவில்லை. அவன் விளையாடும்போது பேசுவதை நிறுத்தியிருந்தான். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்தான். ஒருநாள் குழம்பு கொதித்து வழிந்தது, கரண்டி கையிலேயே நின்றது. எஞ்சின் இரைச்சல் எங்கும் அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசிவரை அவன் விழவேயில்லை.

ஆயுதபூஜையன்று வண்டி தெருவுக்கு வந்தது. பழனிச்சாமி கழுவித் துடைத்தான். ரத்தினம்மாளே சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டு, சூடம் காட்டினாள். சாவி தட்டில் இருந்தது. பிரபா நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தான்.

"மெயின் ரோடு வரைக்கும் போயிட்டு வரேன் அண்ணி."

"பயமா இல்லியா பழனி?"

"இருந்துச்சு. நீங்கதான் போக்கினீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "செட்டிங்க நீங்கதான மாத்தினீங்க? மொத நாளே தெரியும். ஈஸில ஓட்டிட்டு ரோட்டுக்குப் போகாதடான்னு சொல்லாம சொல்றீங்கன்னு நெனச்சேன். ஒரு தடவகூட விழாம எல்லா ரேஸும் முடிச்சப்புறம்தான் சாவியத் தொடணும்னு இருந்தேன். முடிச்சிட்டேன்."

  அவள் இல்லை என்று தலையாட்டினாள். அடக்கத்தில் மறுக்கிறாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

வண்டி முதல் உதையிலேயே பிடித்தது. அப்போதுதான் அவள் தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு கடைக்கும் பட்டறைக்கும் முன்னால் காலையிலிருந்து உடைத்த பூசணிக்காய்கள். வெள்ளைச் சதையும் விதையும் குங்கும நீரும் மெயின் ரோடு வரை வழுவழுவென்று பளபளத்தன. ஒரு ஆட்டோவின் பின்சக்கரம் அதில் ஏறி, பக்கவாட்டில் ஒரு முழம் வழுக்கிப் போனது.

பிரபா செருப்பில்லாமல் இறங்கினாள். முன்சக்கரத்துக்கு எதிரில் குனிந்து ஒரு துண்டை எடுத்துச் சாக்கடையில் போட்டாள். அடுத்த துண்டை எடுத்தாள்.

"முட்ட பேடம்மா," தொடாதே என்று வெல்டிங் கடைக்காரர் கன்னடத்தில் பதறினார். திருஷ்டி கழித்ததை யாரும் தொட மாட்டார்கள், மிதிக்கவும் மாட்டார்கள். ரத்தினம்மாள் வாசலிலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் நிமிரவில்லை. கையில் வராத சதையைப் பாதத்தால் ஒதுக்கினாள். விரல்கள் குங்குமத்தில் சிவந்து பிசுபிசுத்தன.

பின்னால் பழனிச்சாமி இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியை ஊர்ந்தபடி ஓட்டி வந்தான். "விடுங்க அண்ணி, நான் பாத்துப் போறேன்," என்றான் ஒருதரம்.

தெருமுனை வந்தது. மெயின் ரோட்டில் வாழைக்கன்று கட்டிய லாரிகளும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. கண்ணுக்கு எட்டியவரை இரு பக்கமும் உடைந்த பூசணி, நசுங்கி, வெள்ளை வெள்ளையாக. பிரபா புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஒரு லாரி கடந்துபோகட்டும் என்று நின்றாள். பிறகு ஒரு காலை ரோட்டில் வைத்தாள். முதுகுக்குப் பின்னால் எஞ்சின், முன்னே வராமல், அணையவும் செய்யாமல், அதே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது.