கேப்ஸ் லாக் மணி

அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைத்திருந்தார்கள். பேச்சு கிடையாது. குழாயைச் சளி அடைத்தால் உடனே மெஷின் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும்; அதைத் தானே செய்துகொள்ள அவருக்குத் தெம்பு இல்லை. மாடியில் படுத்திருப்பவர், கீழே வேலை பார்க்கும் தங்கையை எப்படிக் கூப்பிடுவது?

தங்கை லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஊறியவள். "யாருக்கும் உதவாத கீ இது ஒண்ணுதாண்ணா" என்று, பேச்சுக்குப் பதில் தட்டிக் காட்ட அவர் மடியில் வைத்திருந்த கம்ப்யூட்டர் கீபோர்டின் கேப்ஸ் லாக்கை மாற்றி அமைத்தாள். தட்டினால் கீழே அவள் மேஜையில் மணி அடிக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

அன்று காலை கீபோர்டில் மருந்து சிந்திவிட்டது. வயரைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி சொருகிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். மணி அடிக்கவே இல்லை. அண்ணன் நன்றாகத் தூங்குகிறார் என்று நிம்மதியாக வேலையில் மூழ்கினாள்.

ஆபீஸில் அவளோடு வேலை பார்க்கும் பையனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நீங்க மாத்திக் குடுத்த கீ பழையபடி ஆயிடுச்சு."

"கீபோர்டைக் கழட்டி மாட்டினியா?"

"ஆமா, தூசி தட்டினேன்."

"அட மண்டு, கழட்டினா மாத்தினதெல்லாம் போயிடும்னு எத்தனை தடவை..."

பேச்சு பாதியில் நின்றது. காலையில் அண்ணனின் கீபோர்டைக் கழட்டி மாட்டியது நினைவுக்கு வந்தது. போனைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். ஐயோ, ஐயோ என்பதைத் தவிர மனதில் வேறெதுவும் இல்லை.

அண்ணனின் முகம் நீலம் பாய்ந்திருந்தது. கண்கள் கதவையே பார்த்திருந்தன. ஒரு விரல் மட்டும் கேப்ஸ் லாக்கைத் தட்டிக்கொண்டிருந்தது. கீபோர்டின் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. மெஷினைப் போட்டு உறிஞ்சுகுழாயை அவர் கழுத்துக் குழாய்க்குள் விட்டாள். கெட்டிச் சளி கரகரவென்று வெளியே வந்தது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

"நாந்தாண்ணா கெடுத்தேன்... கழட்டினது நாந்தான்" என்று அழுதாள்.

இனி எத்தனை முறை கழற்றினாலும் போகாதபடி கேப்ஸ் லாக்கை அமைத்தாள். தட்டச் சொன்னாள். கீழே மணி அடித்தது. அது அவர் காதிலும் விழுந்தது, ஆனால் அவர் நம்பவில்லை.

அன்று பொழுது முழுக்க மணி அடித்தது. ஓடிவந்து பார்த்தால் குழாய் சுத்தமாக இருக்கும். அவள் வருகிறாளா என்று பார்க்கத்தான் தட்டியிருப்பார். "சும்மாதானே கூப்பிட்டீங்க?" என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சற்று நேரம் மணி அடிக்காமல் இருந்தால், கூப்பிடாமலேயே மாடிக்கு ஓடினாள்.