மூன்று தடவை அளக்கணும்

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வைத்தேன். பொங்கியது. அடுப்பைத் துடைத்தேன். மகளை எழுப்பி, குளியலறையில் அவள் சீருடையை அலசிப் போட்டேன். இரட்டைப் பின்னல் போட்டேன். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கீழே. ரொட்டியில் வெண்ணெய் தடவினேன். குவளையில் நான்கு பல் பிரஷ்கள். நாங்கள் மூன்று பேர்.

மூன்றாவது ஆள் என் மாமனார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தன் மகள், என் மனைவி, செத்த பிறகு எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். இதுவரை பார்த்தது செய்தித்தாளை மட்டும்.

சாப்பாட்டு டப்பாவை வைக்கும்போது அவள் பள்ளிப் பையில் ஒரு சீட்டு கிடைத்தது. நேற்றே வந்தது; வாண்டு ஒளித்து வைத்திருந்தாள். பள்ளியில் உடல் பரிசோதனை. உயரம் 122. ரத்த அழுத்தம் 118. கீழே சிவப்பு மையில், ‘அதிகம்.’

அவளுக்கு ஏழு வயது. அவள் அம்மா போனதும் இதே அழுத்தத்தில்தான். முப்பத்தொரு வயதில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து. நர்ஸ். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கட்டியவள், தன் கையில் கட்டிக்கொண்டதே இல்லை.

“வம்சத்துலயே ஓடுது மாப்ள” என்றார் மாமா. உப்பு டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, தன் முட்டைக்கு ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார்.

“நானும் செத்துடுவேனாப்பா?” என்றாள் வாண்டு, இன்னொரு ரொட்டி கேட்கிற குரலில்.

“வாயை மூடு. இப்படி வந்து நில்லு.”

சமையலறைக் கதவு நிலையில் என் மனைவி ஒட்டிய காகிதப் பட்டை இருந்தது. ரத்த அழுத்தத்துக்கான பெரிய அட்டவணையில் வயது, உயரம், ஆணா பெண்ணா என்று தேடினால் ஒரு வகுப்பை முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்று திட்டிவிட்டு, அவளே தயாரித்தது. உயரத்துக்கு ஒரு கோடு. கோட்டருகே ஓர் எண். மேல் அளவு அந்த எண்ணைத் தாண்டினால் சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. மூன்று தடவை அளந்த பிறகே பேச்சு.

வாண்டின் தலைக்கு நேரே 106.

பீரோ மேலிருந்து அவள் அம்மாவின் பிரஷர் கருவியை இறக்கினேன். ஆறு மாதத் தூசு. சின்னக் கைக்குச் சின்னப் பட்டை. நாற்காலியில் உட்கார வைத்தேன். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால் தரைக்கு எட்டவில்லை. மாமாவின் தலையணையை வைத்தேன்.

“யோவ், அது என் தலைக்கு!”

“இப்ப அவ காலுக்கு.”

118.

“ஸ்கூல்காரன் பொய் சொல்லலை.”

“பேசாதீங்க மாமா. பேசினா ஏறும்.”

117. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி.

“ஏன்டி மண்புழு மாதிரி நெளியறே?” என்றார் மாமா.

“ஒண்ணுக்கு வருது தாத்தா. எழுந்ததுலேர்ந்து. அப்பாதான் பாத்ரூம்ல துணி அலசிட்டே இருந்தாரு. அப்புறம் பின்னல், அப்புறம் இது.”

“நேத்து ஸ்கூல்ல?” என்றேன்.

“நேத்தும்தான். லைனை விட்டா இடம் போயிடும்னு மிஸ் சொன்னாங்க.”

பட்டையைக் கழற்றினேன். ஓடினாள். சத்தம் கூடம் வரை கேட்டது.

“தண்ணி லாரி” என்றார் மாமா.

ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. மாமாவுக்கு அது ஆயுள் சாதனை. பிறகு முதலிலிருந்து அளந்தேன். 101. 100. 101.

சனிக்கிழமை டாக்டரிடமும் காட்டுவேன். ஆனால் மூச்சு வந்தது.

மாமா உப்பை இறக்கினார். கண்ணைத் துடைத்தார். “அவ கடைசியா சொன்ன மாதிரியே புள்ளையப் பாத்துக்கறீங்க மாப்ள.”

‘குழந்தையப் பாத்துக்கோ.’ துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைசி வார்த்தை என்னவென்று கேட்டபோது நான் சொன்னது. மாமா நினைவு அட்டையில் அச்சடித்தும் விட்டார்.

“அவ அப்படிச் சொல்லலை மாமா.”

“பின்ன?”

இதே மேசை. புதிதாக வந்த பட்டையை என் கையில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தாள். நான் நெளிந்தேன். அவள் சொன்னாள், நான் போனேன். திரும்பி வந்தபோது அவள் தலை மேசைமேல் இருந்தது.

“சொல்லுப்பா” என்றாள் வாண்டு. “அம்மா என்ன சொன்னா?”

“‘போடா, முதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வா. உன் பிரஷர்ல பாதி அதான்’னு சொன்னா.”