பாதி மாத்திரை

என் வீட்டுக்காரர் செருப்பில்லாமல்தான் வண்டி ஓட்டுவார். பிரேக் எவ்வளவு இறங்குகிறது என்று கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டுமாம். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் நான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மெதுவண்டி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தக் கட்டைவிரலில்தான் முதலில் எரிச்சல் வந்தது, பிறகு எல்லா விரல்களிலும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாதம் உப்பியிருக்கும். போர்வை பட்டால்கூட "எடு, எடு" என்று கத்துவார். செருப்பை மாற்றினோம், வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்தோம், தைலம் தேய்த்தோம். ஒன்றுக்கும் மசியவில்லை. எனக்குத் தைராய்டு பார்க்கிற டாக்டரம்மாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவருக்கும் அதேதான், கால் வலியும் அதனால்தான் என்றார்.

"இது பொம்பளைங்க வியாதி," என்றார் இவர், வாசலுக்கு வந்ததும். "ஸ்டாண்டுல தெரிஞ்சா எனக்கு லேடீஸ் சீட் போட்டு வெப்பானுங்க."

"கழுத்துல இருக்கிற சுரப்பிங்க. அது எல்லாருக்கும்தான் இருக்கு."

"இருக்கட்டும். எனக்கு வேணாம்."

வீம்பு. மருந்துக்கடைக்காரர் இவருடைய சிநேகிதர். சீட்டை நீட்டினால் சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடுமாம். என் பெயரில் கூடுதலாக வாங்கினாலும் யாருக்கு என்று துருவுவாராம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "உனக்கும் அதே மாத்திரைதானே? நடுவுல கோடு போட்டிருக்கு பாரு. ஆளுக்குப் பாதி."

மனிதர் துடிப்பதைப் பார்க்க முடியாமல் நானும் தலையாட்டினேன். விடிந்ததும் வெறும் வயிற்றில், கத்தியால் கீறி, ஆளுக்கொரு துண்டு. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் எதையும் இவ்வளவு ஒற்றுமையாகப் பங்கு போட்டதில்லை.

சில மாதங்களில் எனக்கு மறுபடியும் உடம்பு கனக்கத் தொடங்கியது. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அப்புறம் என் விரல்களும் எரிந்தன. அவரிடம் மூச்சு விடவில்லை, ஏனென்றால் அவருக்கு வலி போயே போய்விட்டது. "பாத்தியா, பாதியே போதும்," என்று வீடெல்லாம் நடந்து காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

ஒரு நாள் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது அவருடைய செருப்பு ஒன்று வாசலிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். வேன் பக்கத்தில் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு நின்று யாரிடமோ கதையளந்துகொண்டிருந்தார். செருப்பில்லாத பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் கசிந்தது. நான் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தார். வலி குணமாகவில்லை. வலி தெரிகிற இடம்தான் செத்துக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன், திட்டினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அசையவில்லை. மறுவாரம் பள்ளிக்கூட கேட்டில் வேனை முட்டினார். பிரேக்கை மிதித்ததாகத்தான் சத்தியம் செய்தார். கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது. எப்போதும்போல ஊர்ந்து போனதால் எந்தப் பிள்ளைக்கும் அடியில்லை. டாக்டர் பார்த்துக் கால் சரி என்று சொன்னால்தான் இனி ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வேறு வேலை அவருக்குத் தெரியாது. வேனை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

டாக்டரம்மா என் ரத்தத்தையும் பார்த்தார். "உங்களுக்கு ஏன் தைராய்டு இவ்ளோ மோசமாயிருக்கு? மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாதி பாதியா போட்டு ரெண்டு பேருமே வைத்தியம் இல்லாம இருந்திருக்கீங்க."

"இனிமே முழுசா போட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"உங்களுக்கு அநேகமா ஆயிடும். இவருக்கு எவ்ளோ திரும்பும்னு என்னால சொல்ல முடியல. நரம்பு ரொம்ப நாளா கெட்டுக் கெடந்திருக்கு."

"எனக்கு நல்லாதான் இருக்கு. நீங்க சோதிச்சுப் பாருங்க," என்றார் இவர்.

டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சு படும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும். முழங்காலில் தொட்டார். "ம்." கணுக்காலில் தொட்டார். "ம்." பஞ்சு அதே தாளத்தில் பாதத்துக்கு இறங்கியது. சின்ன விரல், "ம்." அடுத்த விரல், "ம்." ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடவுளே, கைவிட்டுடாதே என்று முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா பஞ்சை எடுத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ம்," என்றார் இவர். கொஞ்சம் பொறுத்து, இன்னும் உறுதியாக, "ம். இது கட்டைவிரல்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன, பாஸா?" அவர் முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணத் தெறக்கலாமா?"

"வேணாம்," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் மூடியே இருங்க."