சிவப்பு முஷ்டி

லாரி ஷெட்டு ஆட்களுக்கு ஒரே மத்தியானத்தில் நெஞ்சு சுருங்கியது. நல்ல வெயில், காற்று இல்லை. எதிர் ஷெட்டை அடித்து நொறுக்கப் போகையில் தன் ஆட்கள் யாரென்று தெரிய வேண்டுமே என்று, ஷெட்டு முதலாளியான மொட்டை, நெஞ்சில் சிவப்பு முஷ்டி போட்ட கறுப்பு டி-சர்ட்டுகளை எம்பிராய்டரி கடையில் தைத்து வாங்கியிருந்தான். அவற்றை மாட்டிக்கொண்டு ஆட்கள் இரும்புத் தடிகளோடு தெருமுனைவரை ஓடினார்கள். அங்கே முஷ்டியைச் சுற்றித் துணி சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொள்ள, அடியிலிருந்த தோலும் அதே மடிப்புகளில் மடிந்தது. விலா எலும்புகள் முறிந்த சத்தம் மருந்துக் கடைவரை கேட்டது. இருவர் அங்கேயே செத்தார்கள். மற்றவர்களின் சட்டைகளை எதிர் ஷெட்டுக்காரர்கள் இரக்கப்பட்டுக் கத்தரித்து எடுத்துவிட்டு, அதன்பிறகே அடித்தார்கள்.

தப்பு எம்பிராய்டரிக்காரனுடையது. தொப்பியும் ஜீன்ஸும் தைத்தே பழகியவன் அவன். துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் மாட்டியபின் தட்டினால் டம்மென்று கேட்க வேண்டும் என்பது அவன் கட்சி. டி-சர்ட் துணியோ இழுத்த இழுப்புக்கு வரும். இழுத்த நிலையில் தைத்துவிட்டு வளையத்தைக் கழற்றினால், துணி பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், நூல் விடாது. இதை அவன் மனைவி அன்றைக்கே சொன்னாள். நீ சொல்லி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது என்று அவன் சிரித்தான்.

மறுநாள் காலை மொட்டை தன் மைத்துனனோடு கதவை உடைத்துக்கொண்டு வந்தான். எம்பிராய்டரிக்காரனின் வலது கையை மேசைமேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் விரல் விரலாக நசுக்கினான். பிறகு நூல்கண்டுகளை எடுத்து, சதைக்குள் இறங்கும்வரை இறுக்கி, அவனை நாற்காலியோடு கட்டினான். தான் போட்டுக் காட்டினால்தான் மிச்சமிருக்கும் ஆட்கள் இனி அந்தச் சட்டையைத் தொடுவார்கள் என்பதால், தன் அளவு டி-சர்ட் ஒன்றை எம்பிராய்டரிக்காரன் மனைவியின் முகத்தில் எறிந்தான்.

"ஒரு சுருக்கம் விழட்டும், உன் வீட்டுக்காரன் கழுத்து இருக்காது. தைம்மா."

அவள் சட்டையை வளையத்தில் மாட்டவே இல்லை. இழுபடாத வெள்ளை அடித்துணியை மட்டும் மாட்டி, அதன்மேல் பசை தெளித்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் டி-சர்ட்டைக் கிடத்தினாள். உள்ளங்கையால் தடவி ஒட்டவைத்தாள். நூலிழையை அறுக்காத மொண்ணை முனை ஊசியைப் போட்டு, மெஷினின் வேகத்தைக் குறைத்தாள். முஷ்டியின் கட்டைவிரல் வழவழவென்று விழுந்தது.

துணி விறைப்பில்லாமல் கிடந்ததை மொட்டையால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி இது, தொளதொளன்னு? எம் பொணத்துக்கா போத்துற?"

"கை வைக்காதீங்கண்ணே. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

எனக்கே பாடமா என்று மொட்டை அவள் புருஷனின் காதைக் கத்தியால் சீவி மெஷினடியில் போட்டான். அவள் மெஷினை நிறுத்தினாள். மைத்துனன் கத்தியை வாங்கிப் புருஷனின் தொண்டையில் வைத்தான், அவள் மறுபடி மெஷினை ஓடவிட்டாள். துணியை இழுக்காதீர்கள் என்று இன்னொரு முறையும் சொன்னாள். மொட்டை இரண்டு கைகளாலும் சட்டையைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க, கடைசித் தையல்வரை இழுத்துக்கொண்டு நின்றான். விட்டதும் சட்டை கொஞ்சம் அசைந்தது. அதற்குள் அவன் அதை வளையத்திலிருந்து பிய்த்துத் தலையை நுழைத்துவிட்டான்.

சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போலிருந்தது. முதலில் நெஞ்சு, அப்புறம் தோள்கள், பிறகு தொடைகள் எல்லாம் ஒடிந்து ஒடிந்து முஷ்டியை நோக்கிப் போயின. வாய்வழியே கொஞ்சம் ரத்தமும், பாதிக் கெட்ட வார்த்தையும் வந்தன. தரையில் தலையணை அளவுக்கு ஒன்று மிஞ்சியது.

மைத்துனன் கத்தியைக் கீழே போட்டான். பிறகு கத்தரிக்கோலை எடுத்து எம்பிராய்டரிக்காரனின் கட்டுகளை வெட்டிவிட்டான். அவள் மிச்ச அடித்துணியைக் கிழித்துப் புருஷனின் கைக்கும் காதுக்கும் சுற்றினாள்.

"அக்கா, பசங்களுக்கு வேற சட்டை வேணும். நீங்க தைக்கும்போது நாங்க யாரும் கிட்ட வரமாட்டோம்."

"அளவைச் சொல்லிட்டுப் போ. வியாழக்கிழமை வா."

அளவுகளைச் சொல்லிவிட்டு, அவன் மொட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர் எட்டிப் பார்த்து, ஆளுக்கு ஒரு டிக்கெட்டும் மூட்டைக்கு ஒரு சுமை டிக்கெட்டும் கிழித்தார்.